வெள்ளைப்பாத்தியில் விழுந்த பனி

மகளை விமானம் ஏற்றி அனுப்பிய நாற்பத்தோராம் நாள், கோயிலில் உச்சி மணி அடிக்கிற நேரத்தில், சலேத்தின் வீட்டுக் கூரைமேல் ஒரு மண்வெட்டி அளவுக்குப் பனி விழுந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்பதால் சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது. பூனை குதித்திருக்கும் என்று நினைத்து, தொடங்கிய ஜெபத்தைப் பாதியில் விட மனமில்லாமல், முழுதும் சொல்லி முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டுதான் அவள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். கூரை விளிம்பிலிருந்து வெள்ளையாக ஒன்று வழுக்கி வந்து காலடியில் விழுந்து உடைந்தது. தொட்டால் விரல் மரத்தது. இருபத்தாறு வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவள், வெள்ளையாக எதைக் கண்டாலும் நாக்கில் வைத்துத்தான் பார்ப்பாள். வைத்துப் பார்த்தாள். கரிக்கவில்லை.

"ஏங்க, உப்பு மாரி ஒண்ணு விழுந்து கெடக்கு. கரிக்கல."

"கரிக்கலன்னா அது உப்பில்ல," என்றார் உள்ளே கட்டிலில் கால்களை நீட்டிக் கிடந்த வியாகப்பன். அவர் கால்கள் இரண்டும் உப்புத்தண்ணீர் தின்று புண்ணாகிப்போனவை. "கழுவி உள்ள வா."

வெள்ளைப்பாத்திக்கு ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் உப்பளம். ஒரே தெரு, நாற்பத்திரண்டு வீடு. பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போவார்கள், பாதிப் பேர் அம்மன் கோயிலுக்குப் போவார்கள், எல்லோரும் அளத்துக்குப் போவார்கள். மாசியிலிருந்து மழை இறங்குகிற வரைக்கும் ஆண்கள் பாத்தியில் நின்று உப்பை வாருவதும், பெண்கள் அதைச் சட்டியில் அள்ளி, தலையில் துணிச் சும்மாடு வைத்து அதன்மேல் ஏற்றி, வரப்போடு வரப்பாக நடந்து, மேட்டில் கொட்டி அம்பாரம் கட்டுவதும்தான் அந்த ஊரின் பிழைப்பு. அந்த ஊர்ப் பெண்களை எந்தச் சந்தைக் கூட்டத்தில் கண்டாலும் சொல்லிவிடலாம். கழுத்து விறைத்து நேராக நிற்கும். உச்சந்தலையில் வட்டமாக முடி இருக்காது. சலேத்துக்கும் அந்த வட்டம் உண்டு. கோயிலில் அவள் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வது பக்தியினால் மட்டும் அல்ல.

மகள் ஜெனோவாவுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள், அளத்துக்குக் கஞ்சி கொண்டுவந்த பிள்ளை, அம்மா குடிக்கிற நேரம் பார்த்து அவள் சும்மாட்டை எடுத்துத் தன் தலையில் வைத்து, வெறுஞ்சட்டியை அதன்மேல் கவிழ்த்து, இடுப்பை ஆட்டி ஆட்டி வரப்பில் நடந்து காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். சலேத்து கஞ்சியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சும்மாட்டைப் பறித்தாள். அன்று சாயங்காலம் கோயில் முற்றத்தில் குகைபோலக் கட்டிய மாதா கெபியின் முன் முழங்காலிட்டு, "தாயே, இந்தப் பிள்ள தலையில சும்மாடு ஏறாம நீ பாத்துக்கோ. நான் சாகுற வரைக்கும் சனிக்கிழமை ஒருசந்தி இருக்கேன்" என்று நேர்ந்துகொண்டாள். பதினாறு வருஷமாக, காய்ச்சலில் கிடந்தபோதும், கல்யாண வீட்டுக்குப் போனபோதும், சனிக்கிழமையில் ஒருவேளைச் சோற்றுக்குமேல் அவள் வாயில் போட்டதில்லை.

மாதாவும் பார்த்துக்கொண்டாள். ஜெனோவா பள்ளிக்கூடம் முடித்தாள், பஸ் ஏறிப் போய்க் கல்லூரியும் முடித்தாள். வேலைதான் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் வீட்டிலிருந்தாள். அளத்தில் ஆள் சேர்க்கிற கங்காணி பொன்பாண்டி இரண்டு தடவை வந்து, "பிள்ள சும்மாத்தானே இருக்கு, சீசனுக்கு மட்டும் வரட்டுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை அவர் வருவதற்குள், கல்லூரி டீச்சர் ஒருத்தி ஒரு விளம்பரத்தை அனுப்பிவைத்தாள். பதினெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவிலுள்ள பிள்ளைகளை ஒரு வருஷத்துக்குத் தூரதேசம் அழைத்து, விமானச் சீட்டு, தங்க இடம், சாப்பாடு, கைச்செலவு, வைத்தியம் எல்லாம் கொடுத்து, பதிலுக்கு அங்கேயுள்ள ஏதாவது ஓர் ஊருக்குத் தொண்டு செய்யச் சொல்கிற திட்டம். பன்னிரண்டு மாதமும் நின்று முடித்தால் ஒரு சான்றிதழ் உண்டு. அதைக் காட்டினால் அங்கேயே செலவில்லாமல் மேற்கொண்டு படிக்கலாம். பாதியில் திரும்பினால் ஒன்றும் இல்லை.

"சம்பளம் கெடையாதாக்கா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள். இருபது வருஷமாகச் சலேத்துக்கு முன்னால் சட்டி சுமந்து நடக்கிறவள்.

"தொண்டுட்டி. தொண்டுக்கு ஏது சம்பளம்?"

"சம்பளமில்லாத வேலைக்கு ஏரோப்ளேன்ல வச்சுக் கூட்டிட்டுப் போறானா? வேண்டாம்க்கா, கிட்னியக் கழட்டிருவான்."

"கிட்னி கழட்டுறதுக்கு இங்கனயே ஆள் இருக்கே," என்றார் வியாகப்பன் கட்டிலிலிருந்து. "இம்புட்டு தூரத்துக்கு டிக்கெட்டு போடுவானாக்கும்?"

கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கேள்வி கேட்டவர்கள், எதற்காகத் தொண்டு செய்ய ஆசைப்படுகிறாய் என்று ஜெனோவாவைக் கேட்டார்களாம். "எங்க ஊர்ல ஒருத்தருக்கு ஒருத்தர் உதவணும்னா சுமக்கணும். சுமக்காமலும் உதவ முடியுமான்னு பாக்கணும்" என்று சொன்னாளாம். அவர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஐப்பசியில் மழை இறங்கி, அளம் மூடிய வாரத்தில், வாழ்நாளில் ஸ்வெட்டரே கண்டிராத பிள்ளை இரண்டு ஸ்வெட்டரோடு கிளம்பிப் போனது.

போய்ச் சேர்ந்தது ஒரு மலையூர். வீடுகளெல்லாம் சரிவில், வீட்டில் இருப்பவர்களெல்லாம் வயசாளிகள். ராத்திரி பெய்கிற பனி காலையில் கதவை அடைத்துவிடும். ஒரு கால் விளங்காத பழைய தபால்காரர் ஒருவர், பெயர் யோசெப், பனி அள்ள ஆளில்லாமல் ஒரு குளிர்காலத்தில் நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்தாராம். அவர் வாசல்தான் ஜெனோவாவுக்கு முதலில் கொடுத்த வேலை. நீளக் கைப்பிடி வைத்த அகல மண்வெட்டியால் பனியை அள்ளித் தோளுக்கு மேலாக வீசிவிட வேண்டும், அவ்வளவுதான். தலையில் ஒன்றும் ஏற்ற வேண்டாம். சலேத்து ஜெபமாலையில் யோசெப்பையும் சேர்த்துக்கொண்டாள். மாதாவின் வீட்டுக்காரர் பெயர், மறக்காது.

அங்கே ஜெனோவா மண்வெட்டியை எடுக்கும்போது இங்கே உச்சி மணி. முதல் நாள் ஒரு மண்வெட்டி விழுந்தது, மறுநாள் பத்து, மூன்றாம் நாள் கூரையும் முற்றமும் வெளுத்து, கோழிகள் ஒற்றைக் காலில் நின்றன. நான்காம் நாள் பனியோடு ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறை வந்து தெருமுனை உடைமரத்து முள்ளில் மாட்டிக்கொண்டு, யாரையோ கூப்பிடுகிறது போல ஐந்து விரலையும் ஆட்டிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் ஜெனோவா போனில், "ஒத்தக் கையொற தொலஞ்சுட்டும்மா, செவப்பு, பனியோட சேத்து வீசிட்டேன் போல" என்றாள். சலேத்து மரத்தில் கிடந்த கையுறையை நினைத்துக்கொண்டாள்.

இசக்கியம்மாள்தான் அதைத் தொரட்டிக்கம்பால் எடுத்து, காயவைத்து, கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதுல என்னக்கா ரோசன? துபாய்க்குப் போன பிள்ள ரூவா அனுப்புது. சம்பளமில்லா வேலைக்குப் போன பிள்ள, கையில இருக்கதத்தானே அனுப்பும்?"

அது சரிதான் என்று ஊருக்கும் பட்டது. அதன்பிறகு யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மழைக்காலம், அளத்தில் வேலையில்லை, உச்சி மணி அடித்ததும் பிள்ளைகள் டம்ளரோடு வந்துவிடுவார்கள். இசக்கியம்மாள் நன்னாரி சர்பத்தை மேலே ஊற்றிக் கொடுப்பாள். மீன் விற்கிறவர்கள் ஐஸ்கட்டிக்கு டவுனுக்குப் போவதை நிறுத்திப் பெட்டியோடு சலேத்து வீட்டு முற்றத்தில் வரிசை நின்றார்கள். மாதா கோயில் சாமியார், மறைமாவட்டத்து மேற்றிராணியாருக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்து, எழுதினால் ஆள் வரும், ஆள் வந்தால் சாப்பாடு போட வேண்டும் என்று விட்டுவிட்டு, உச்சி ஜெபத்தைக் கோயிலுக்குள் மாற்றிக்கொண்டார். மழை அளவு எழுத வந்த அதிகாரி படிவத்தில் பனிக்குக் கட்டமில்லாததால் மழை என்றே போட்டு, பக்கத்தில் "லேசான" என்று எழுதி, ஒரு வாளி அள்ளிக்கொண்டு போனார். வியாகப்பன் ஒரு குண்டானில் பனியை நிரப்பி அதற்குள் கால்களை வைத்துக்கொண்டு, ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக எரிச்சல் இல்லாமல் தூங்கினார். சலேத்து அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகளுக்கு எதையும் சொல்ல வேண்டாம், சொன்னால் வீசுகிற கை கூசும் என்று முடிவு செய்தாள்.

ஆனால் ஜெனோவா உழைப்பாளியின் மகள். யோசெப் வீட்டு வாசலை அவள் ஒதுக்குகிற வேகத்தைப் பார்த்து எதிர்வீட்டையும் கொடுத்தார்கள், பிறகு சந்து முழுவதையும், தை பிறந்தபோது மேட்டுத்தெருவின் பத்தொன்பது வாசலையும். "எல்லாரும் எம் பேரச் சொல்லி நன்றி சொல்லுதாங்கம்மா. இங்க எனக்கு ஒரு பேரு இருக்கும்மா," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சலேத்து பல வருஷமாகக் கேட்டதில்லை. அந்தப் பத்தொன்பது வாசலின் பனிக்குத் தெரு போதாமல், அது வடக்கே நகர்ந்து, பாத்திகளில் விழுந்தது.

தையில்தான் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். மாசியில் தண்ணீர் கட்டுவார்கள். வெயில் குடித்துக் குடித்து அந்தத் தண்ணீரின் உப்படர்த்தி இருபத்துநான்கு டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு பூக்கும். கங்காணி பொன்பாண்டி காலையில் அடர்த்தி காட்டுகிற மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்: பதினெட்டு. உச்சி மணி அடிக்கும். வெள்ளைமேல் வெள்ளையாகப் பனி இறங்கும், கரையும். சாயங்காலம் பார்ப்பார்: பதினொன்று. மாசி முழுக்க இப்படியே போயிற்று. பக்கத்து ஊர் அளங்களில் அம்பாரம் எழும்பி வெயிலில் மின்னியது. வெள்ளைப்பாத்தியில் மட்டும் தண்ணீர் வெறும் தண்ணீராகக் கிடந்தது. அளக்காரர் கங்காணியிடம், பங்குனி பாதிக்குள் உப்பு இறங்காவிட்டால் இந்த வருஷத்துக்கு அளத்தைச் சும்மா போடப்போவதாகச் சொல்லி அனுப்பினார். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அடுப்பு அந்த அளம்தான்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர்த் தொட்டியில் சலேத்து குடத்தோடு போனால் பேச்சு நின்றது. "நீ பிடிச்சுக்கோக்கா" என்று வழி விட்டார்கள். பிள்ளைகள் டம்ளரோடு வருவதை நிறுத்தினார்கள். இசக்கியம்மாள் வீட்டில் மத்தியானம் புகை வராத நாட்களைச் சலேத்து தன் கூரை விளிம்பிலிருந்தே பார்த்தாள். கெபியின் முன் முழங்காலிட்டு, அங்கே பனி பெய்வது நிற்கட்டும் என்று வேண்டினாள்; உடனே, நின்றால் அந்தப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை, அனுப்பிவிடுவார்களே என்று பதறி, வேண்டியதைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் வேறு, ஒருசந்தியோடு ஒருசந்தியாக அவள் வாரத்தில் நான்கு நாள் பட்டினி கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கெபிக்கு முன்னால் ஊர் கூடியது. அம்மன் கோயில்காரர்களும் வந்திருந்தார்கள்.

"பிள்ளையக் குறை சொல்லல மதினி," என்றார் கங்காணி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு. "நல்ல காரியம்தான் செய்யுது. ஆனா அது அங்க ஒரு வாசலத் தொறந்தா, இங்க ஒரு அடுப்பு அணையுதே."

"அவளத் திரும்பி வரச் சொல்லுதியளா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்லுதிய?"

அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பின்னாலிருந்து இசக்கியம்மாள்தான், குரல் உடைந்து, "யக்கா, வந்தா என்ன? நாங்கல்லாம் இங்கன இல்லியா? எம்மவ சுமக்கலியா? ஒம்மவ தல மட்டும் என்ன பொன்னா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

சலேத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.  வீட்டுக்கு வந்து, உச்சி மணிக்கு அரைமணி நேரம் முன்னால், ஜெனோவா மண்வெட்டியைத் தொடுமுன், போன் போட்டாள். வாசலில் இசக்கியம்மாள் வந்து நின்றுகொண்டாள்.

"அங்க பனி எப்பம்மா நிக்கும்?"

"சித்திர ஆயிரும் போலம்மா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"நீ சும்மா கேக்கமாட்ட. என்னன்னு சொல்லு."

சலேத்து சொன்னாள். கையுறையில் தொடங்கி, சர்பத், மீன்பெட்டி, அப்பாவின் கால் என்று நல்லதையெல்லாம் முதலில் சொல்லி, கடைசியில் பதினொன்று டிகிரியைச் சொன்னாள்.  நம்பாமல் இருப்பாளோ, சிரிப்பாளோ, அழுவாளோ என்று சலேத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஆனால் உப்பளத்துப் பிள்ளை கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எத்தன பாத்தி போச்சு?"

"எல்லாம்மா."

"சரி," என்றாள் ஜெனோவா. "யோசெப் வாசல அடச்சுப்போட்டு நான் வர முடியாதும்மா. ஆனா நாளையில இருந்து அங்க விழாது."

மறுநாள் உச்சி மணி அடித்தபோது ஊரே வெளியில் வந்து, இத்தனை நாள் பார்க்க மறந்ததையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறவர்கள்போல, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெயில் மட்டும் இருந்தது. அதற்கு மறுநாளும் வெயில். மானி பதினான்கு காட்டியது, பதினேழு காட்டியது, பத்தாம் நாள் இருபத்துநான்கைத் தொட்டது. அன்று சாயங்காலம் பாத்தி ஓரத்தில், தண்ணீருக்கு மேலே, ஊசி முனை அளவில் உப்பு பூத்தது. கங்காணி குனிந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வாரிய உப்பை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு இசக்கியம்மாள் வந்தாள். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அதனால் நிலைப்படிக்கு உள்ளே தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எடுத்துக்கோக்கா. நமக்குள்ள சண்ட வேண்டாம்."

சலேத்து குனிந்து எடுத்துக்கொண்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான், இத்தனை நாளாகக் கேட்கப் பயந்து வைத்திருந்ததைக் கேட்க அவளுக்குத் துணிவு வந்தது. போனில் முகம் தெரிகிற மாதிரி மகளைக் கூப்பிட்டாள்.

"அங்க பனி நின்னுட்டாம்மா?"

"இல்லம்மா, முந்தியவிட ஜாஸ்தி."

"பெறவு எப்படி இங்க விழல?"

"வீசுனாத்தான் அங்க வருதும்மா. எறக்கி வச்சா வராது. பின்னால மேட்டுல கொண்டுபோய் எறக்கி வச்சு, அம்பாரம் கட்டுதேன். பெரிசா நிக்கி, நீ பாத்தா சிரிப்ப."

"எதுல கொண்டுபோற?"

"உருளக்கெழங்குக் கூடைல."

"இடுப்புலயா?"

ஜெனோவா வேறெங்கோ பார்த்தாள். "இடுப்புல வச்சா சரிவுல கால் வழுக்குதும்மா."

"காட்டு."

"எதம்மா?"

"நீ தூக்குறதக் காட்டு."

ஜெனோவா போனைச் சன்னலில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். கழுத்துக் கம்பளியை உருட்டித் தலையில் வைத்தாள். ஏழு வயதில் அளத்தில் பார்த்து வைத்திருந்தாளே, அதே மாதிரி, அரைகுறையாக. நிறைகூடையை யோசெப், கோலை ஊன்றி, ஒரு கையால் ஏற்றிவிட்டார். பின்னால் வேறு தேசத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கைதட்டினார்கள். திட்டத்துக்காரப் பெண் ஒருத்தி, பார்க்கவே அழகாயிருக்கிறது என்று எதையோ சொல்லிப் படம் எடுத்தாள். பத்தொன்பது வாசல். ஒரு வாசலுக்கு முப்பது கூடையாவது இருக்கும் என்று சலேத்தின் கழுத்துக்குத் தெரிந்தது. கூடை இடப்பக்கம் சாய்ந்தது. கழுத்தும் அதனோடு சாய்ந்தது.

சலேத்துக்கு மாதாவிடம் கோபம் வரவில்லை. மகள் தலையில் சும்மாடு ஏறக்கூடாது என்று பதினாறு வருஷமாகக் கேட்டவளும் தான்தான், பிறகு பனி நிற்கட்டும் என்று கேட்டவளும் தான்தான். இரண்டும் ஒரே வாய். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. உள்ளே போய், ஆணியில் தொங்கிய தன் சும்மாட்டுத் துணியை, உப்பேறி விறைத்துப்போன அந்தப் பழைய துணியை, எடுத்துவந்து போனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முக்காட்டைத் தள்ளினாள். உச்சந்தலையின் முடியில்லாத வட்டத்தை மகள் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்படிச் சுத்தாத, கழுத்து போயிரும். எறக்கி வையி. இங்க பாரு. துணிய ரெண்டா மடி. முறுக்கு. எடது கையில பிடிச்சு, வலது பக்கமா சுத்து. மூணு சுத்து. முனைய உள்ள சொருகு."

"இப்படியாம்மா?"

"நடு உச்சியில வைக்காத. பின்னால தள்ளு."

"இன்னும் ரெண்டு வெரல் தள்ளச் சொல்லுக்கா," என்றாள் வாசலிலிருந்து இசக்கியம்மாள், மெல்லிய குரலில்.

"ரெண்டு வெரல் தள்ளு. ஆங். இப்பத் தூக்கு. கீழ பாக்காத, கால் தானாப் பாத்துக்கும். எறக்குறப்ப மூச்ச விடு. நட பாப்போம்."

ஜெனோவா நடந்தாள். கூடை அசையவில்லை. கழுத்து விறைத்து நேராக நின்றது. வெள்ளைச் சரிவில், வரப்பில் நடக்கிறவள்போல ஓர் அடிக்கு முன்னால் ஓர் அடி வைத்து, மேட்டுக்கு ஏறி, சுமையைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி, "இப்பச் சரியா?" என்று அங்கிருந்தே கத்தினாள். நடை நன்றாக இருந்தது. சலேத்துக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான்.

"சரிதாம்மா," என்றாள். "அடுத்த கூடையத் தூக்கு. நான் இங்கன இருக்கேன்."

உச்சி மணி அடித்தது. சலேத்து எழுந்திருக்கவில்லை. சுற்றிக் காட்டிய சும்மாடு தலையில் இருக்க, போனைப் பார்த்தபடி, கூடைக்கு ஒன்றாக மாதாவின் ஜெபமான பிரியதத்தம் சொல்லத் தொடங்கினாள். வாசலில் நின்ற இசக்கியம்மாள், அம்மன் கோயில்காரி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.